மலை ஏறும் பேட்டரி கார்: மோட்டார் வேகத்தையும் கியர் ரேஷியோவையும் அளந்து பொருத்தும் முழு வழி

கம்பெனிக் காகிதத்தில் கோல்ஃப் கார்ட் என்றுதான் இருக்கும். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு தாண்டி, பூப்பாறை, சின்னக்கானல், சூரியநெல்லி என்று போனால் எல்லோரும் சொல்வது பேட்டரி கார், இல்லையென்றால் பக்கி. கோல்ஃப் மைதானத்துக்காகச் செய்த வண்டி இங்கே ரிசார்ட் வாசலிலிருந்து காட்டேஜுக்கு ஆளையும் பெட்டியையும் ஏற்றுகிறது. சில ஏலத்தோட்டங்களில் மூட்டையும் ஏற்றுகிறது.

என்னிடம் வரும் புகார் இரண்டே வகை. ஒன்று, வேகம் பத்தவில்லை. மற்றொன்று, ஏற்றத்தில் இழுக்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்களும் உண்டு. ஒரே மோட்டார், ஒரே பேட்டரி இருக்கும்போது இரண்டும் ஒரே மடியிலிருந்து எடுக்கும் காசு. கியரை மாற்றினால் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடுகிறோம், அவ்வளவுதான்.

இதை நான் கற்றது சொந்தக் கைச்செலவில். ஒரு ரிசார்ட் வண்டியைக் குட்டியானையில் போடிக்கு இறக்கிக் கொடுத்தார்கள். வேகம் வேண்டும் என்றார்கள். 8:1 கியர் (மோட்டார் எட்டு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) போட்டு, போடி சமதளத்தில் ஓட்டிப் பார்த்தேன், பறந்தது. மேலே அனுப்பிய மூன்றாம் நாள் டிரைவர் தம்பி போனில் கூப்பிட்டான்: "அண்ணே, ஏத்தத்துல புகை வருதுண்ணே." ஆர்மேச்சர், அதாவது மோட்டாருக்குள் சுழலும் காயில், எரிந்து போயிருந்தது. அதற்குப் பிறகு நான் பின்பற்றும் வரிசை கீழே. புதிதாக வரும் பையன்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

1. ஸ்பேனரை எடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஜாக்கி, அதோடு இரண்டு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கை விடக் கூடாது. சக்கரத்துக்கு வைக்க நாலு மரக்கட்டை, டேப், சாக்பீஸ், ரசமட்டம், ஒரு மீட்டர் நீளத்தில் நேரான சட்டம், மல்டிமீட்டர்.

டி.சி. அளக்கும் டாங் டெஸ்டர் (கேபிளைக் கவ்விக் கரண்ட் பார்க்கும் மீட்டர்) கட்டாயம் வேண்டும். வீட்டு வயரிங் வேலைக்கு வாங்கிய டாங் டெஸ்டர் பெரும்பாலும் ஏ.சி. மட்டும் காட்டும். அதை பேட்டரி கேபிளில் மாட்டினால் பூஜ்யம் வரும். "கரண்டே இழுக்கலண்ணே" என்று ஒரு பையன் அரை நாள் கன்ட்ரோலரை, அதாவது பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடும் பெட்டியை, குடைந்திருக்கிறான்.

மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். 48 வோல்ட் ஷாக் பெரிதாக அடிக்காது. ஆனால் ஸ்பேனர் இரண்டு டெர்மினலைத் தொட்டால் அங்கேயே வெல்டிங் ஆகும். ஸ்பேனர் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். டோ/ரன் சுவிட்ச் (டோ என்பது வண்டியைக் கட்டி இழுக்கும் நிலை, ரன் என்பது ஓட்டும் நிலை) இருந்தால் டோ பக்கம் வைத்து, பிறகு மெயின் கேபிளைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் கன்ட்ரோலர் கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் சார்ஜ் நிற்கும்.

2. முதலில் ஏற்றத்தை அளங்கள்

வண்டியைப் பார்க்கும் முன் வழியைப் பார்க்க வேண்டும். இதுதான் எல்லோரும் விடும் படி. நானும் விட்டேன்.

வண்டி போகும் பாதையில் மிகச் செங்குத்தான இடத்தைக் கண்டுபிடியுங்கள். சட்டத்தைச் சரிவில் வைத்து, ரசமட்டம் நடுவில் நிற்கும் வரை கீழ்ப்பக்க முனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளங்கள். ஒரு மீட்டர் சட்டத்துக்கு 15 செ.மீ. வந்தால் ஏற்றம் 15 சதவீதம்.

போனில் இருக்கும் ஆப் டிகிரியில் காட்டும். டிகிரியும் சதவீதமும் ஒன்றல்ல. 15 சதவீத ஏற்றம் என்பது எட்டரை டிகிரி. 15 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 27 சதவீதம். இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் கீழே போடப் போகும் கணக்கு முழுவதும் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தப்பும்.

ஏற்றத்தின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் 15 சதவீதம் என்றால் மோட்டார் தாங்கிக்கொண்டு போய்விடும். அதே ஏற்றம் 300 மீட்டர் என்றால் சூடு ஏற நேரம் கிடைக்கிறது. வளைவில் வண்டி நின்று மறுபடி கிளம்ப வேண்டிய இடம் இருந்தால் அதையும் எழுதி வையுங்கள். நின்று கிளம்புவதுதான் மோட்டாருக்கு உயிர் போகும் நேரம்.

3. கியரைக் குறை சொல்லும் முன் சும்மா சரியாகும் விஷயங்கள்

வருகிற வண்டிகளில் பாதிக்கு கியரே மாற்ற வேண்டியதில்லை என்பது என் கணிப்பு.

பேட்டரி: முழுச் சார்ஜ் போட்டு, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 48 வோல்ட் லெட் ஆசிட் செட் 50.9 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 48.4 என்றால் பாதிதான் இருக்கிறது. அப்புறம் ஏற்றத்தில் ஏறும்போது ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளங்கள். ஆறு 8 வோல்ட் பேட்டரியில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட் கீழே விழுந்தால் நோயாளி அதுதான். சும்மா நிற்கும்போது எல்லாம் நல்ல பிள்ளையாகவே இருக்கும்.

கேபிள் லக்: ஓடும்போது ஒவ்வொரு ஜாயின்டின் குறுக்கிலும் மீட்டரை வையுங்கள். 150 ஆம்பியர் ஓடும்போது ஒரு ஜாயின்டில் 0.2 வோல்ட் விழுந்தால் அங்கே மட்டும் 30 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னை டெர்மினலில் கட்டி வைத்த மாதிரி.

பிரேக்: பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். டிரம்மில் ஷூ உரசுகிறதா பாருங்கள். இங்கே மழை விடாமல் பெய்யும், கேபிள் துருப்பிடித்து முழுக்கத் திரும்பாது. டயர் காற்று 20 பி.எஸ்.ஐ. பக்கம் இருக்கட்டும். டயரில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள்.

குளிரும் ஒரு காரணம். மூணாறு பக்கம் ஜனவரி விடியற்காலையில் பூஜ்யத்தைத் தொடும் நாட்கள் உண்டு. அந்தக் குளிரில் லெட் ஆசிட் பேட்டரி தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுக்காது. காலையில் இழுக்காத வண்டி மதியம் இழுத்தால் கியர் மேல் பழி போடாதீர்கள்.

4. டயர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது

வழக்கமான டயர் 18×8.5-8. அதாவது 18 அங்குல உயரம், எட்டரை அங்குல அகலம், 8 அங்குல ரிம். கணக்குப்படி ஒரு சுற்று 1.436 மீட்டர். ஆனால் நாலு பேர் உட்கார்ந்தால் டயர் அமுங்கும், இரண்டு மூன்று செ.மீ. குறையும்.

அதனால் புத்தக அளவை நம்பாமல் அளந்துவிடுங்கள். ஆட்களை உட்கார வைத்து, டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, டயர் சரியாக மூன்று சுற்று வரும் வரை தள்ளி, தூரத்தை மூன்றால் வகுத்தால் போதும். நான் கீழே 1.41 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன்.

5. இப்போது இருக்கும் கியர் ரேஷியோவை எண்ணிப் பாருங்கள்

ரேஷியோ என்பது சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. இ-இசட்-கோ வண்டிகளில் 12.44:1 பரவலாகக் காண்பது. கிளப் காரில் 12.28:1. வேகத்துக்கென்று விற்கும் கியர் செட் 8:1, 6:1 என்று வரும். வண்டி உங்களுக்கு முன் யார் கையில் இருந்தது, என்ன மாற்றினார்கள் என்று தெரியாது. அதனால் எண்ணுங்கள்.

முன் சக்கரங்களுக்கும் ஒரு பின் சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். மற்ற பின் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பார்க்கிங் பிரேக்கை எடுங்கள், சுவிட்ச் டோவில் இருக்கட்டும். மோட்டார் பின்மூடியில் ஸ்பீடு சென்சார் இருந்தால் கழற்றினால் ஷாஃப்ட் முனை தெரியும். அதில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். ஒருவர் சக்கரத்தை எண்ண, இன்னொருவர் ஷாஃப்ட்டை எண்ணட்டும். ஷாஃப்ட் எண்ணிக்கையை 10-ஆல் வகுத்தால் ரேஷியோ வந்துவிடும். 124 சுற்றும் சொச்சமும் வந்தால் 12.44.

ஏன் 20-ஆல் வகுக்கவில்லை என்று கேட்பார்கள். ஒரு சக்கரம் நிலத்தில் நிற்கும்போது டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே உள்ள கியர்ப் பெட்டி) வழியாக, தூக்கிய சக்கரத்தின் இரண்டு சுற்றுக்குத்தான் உள்ளே பெரிய பல்சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இதை மறந்து பாதி ரேஷியோ எழுதி, "ஏற்கனவே யாரோ 6:1 போட்டுட்டாங்க" என்று முடிவு கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

சில ஏ.சி. மோட்டார் வண்டிகளில் மோட்டார் ஷாஃப்ட்டிலேயே மின்காந்த பிரேக் இருக்கும். சக்கரம் அசையாது. பிரேக்கை விடுவிக்கும் வழியை அந்த வண்டியின் மேனுவலில் பார்த்துச் செய்யுங்கள், பலம் காட்ட வேண்டாம்.

6. மோட்டார் எந்த ரகம்

கேபிளைப் பார்த்தாலே தெரியும். ஏ1, ஏ2, எஸ்1, எஸ்2 என்று நாலும் தடிமனாக இருந்தால் சீரிஸ் மோட்டார். ஏ1, ஏ2 தடிமனாகவும் எஃப்1, எஃப்2 மெல்லியதாகவும் இருந்தால் செபெக்ஸ், அதாவது ஃபீல்டுக்கு (மோட்டாரில் காந்தப் புலம் உண்டாக்கும் காயிலுக்கு) தனிக் கரண்ட். யூ, வி, டபிள்யூ என்று மூன்று தடிமன் கேபிள் இருந்தால் ஏ.சி. மோட்டார்.

சீரிஸ் மோட்டாருக்குச் சுமை ஏற ஏற வேகம் குறையும், இழுவை கூடும். கிளம்பும்போது நல்ல பலம். ஆனால் சுமையே இல்லாவிட்டால் வேகம் எல்லையில்லாமல் ஏறும். இதனால்தான் சீரிஸ் மோட்டாரைக் கழற்றி பெஞ்சில் வைத்து முழு 48 வோல்ட் கொடுக்கக் கூடாது. கம்யூட்டேட்டர் (கார்பன் உரசும் செம்பு உருளை) கட்டைகள் பிய்த்துக்கொண்டு பறக்கும். சோதிக்க வேண்டும் என்றால் ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி, அதுவும் மோட்டாரை இறுக்கிக் கட்டிவிட்டு, சில நொடி மட்டும்.

செபெக்ஸிலும் ஏ.சி.யிலும் கன்ட்ரோலர் வேகத்துக்குக் கடிவாளம் போடும். இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காக வேலை செய்து பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். மலைக்கு இதுதான் பெரிய வித்தியாசம்.

பெயர்ப்பலகையில் கிலோவாட்டை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் எஸ்1 என்றிருந்தால் (இது கேபிள் பெயரல்ல, வேலை ரகம்) அந்தச் சக்தியை நாள் முழுக்கக் கொடுக்கும். எஸ்2 60 நிமிடம் என்றிருந்தால் ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு ஆற வேண்டும். வாடகைக்கு நாள் முழுக்க ஏறி இறங்கும் வண்டிக்கு அந்த ஒரு வரி ரொம்ப முக்கியம்.

7. வேகக் கணக்கு

மோட்டார் ஆர்.பி.எம்.மை ரேஷியோவால் வகுங்கள். வருவது நிமிடத்துக்குச் சக்கரச் சுற்று. அதை டயர் சுற்றளவால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர். 60-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் மணிக்குக் கிலோமீட்டர்.

மோட்டார் 2800, ரேஷியோ 12.44, டயர் 1.41 என்றால் மணிக்கு 19 கி.மீ. அதே மோட்டாருக்கு 8:1 போட்டால் காகிதத்தில் 29.6. 6:1 என்றால் 39.5.

காகிதத்தில் என்று சொன்னதைக் கவனியுங்கள். சீரிஸ் மோட்டாரில் கியரை மாற்றியதும் மோட்டார் மேல் சுமை கூடும், ஆர்.பி.எம். 2800-இல் நிற்காது. சமதளத்திலேயே 29.6 வராது. ஏற்றத்தில் பழைய வேகத்தைவிடக் குறைந்தும் போகலாம்.

உண்மை வேகத்தை அறிய ஜி.பி.எஸ். கூட வேண்டாம். 100 மீட்டர் அளந்து கோடு போட்டு, அதைக் கடக்கும் நொடியால் 360-ஐ வகுங்கள். 19 நொடி என்றால் ஏறக்குறைய 19 கி.மீ. போகிற வழியிலும் வருகிற வழியிலும் அளந்து சராசரி எடுங்கள்.

டயரை மாற்றுவதும் கியரை மாற்றுவதுதான். பார்க்க ஜோராக இருக்கிறது என்று 22 அங்குல டயர் போடுகிறார்கள். ஒரு சுற்று 1.73 மீட்டர் வரும். வேகம் 19-லிருந்து 23-க்குப் போகும். ஆனால் உங்கள் 12.44 கியர் இப்போது 10.1 மாதிரிதான் இழுக்கும். டிஃபரன்ஷியலை யாரும் தொடவில்லை, இருந்தாலும் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

8. இழுவைக் கணக்கு

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும்.

வண்டியும் நாலு பேரும் பெட்டியும் சேர்ந்து 800 கிலோ என்று வைப்போம். சமதளத்தில் சிமெண்ட் பாதையில் அதைத் தள்ள வேண்டிய பலம் சுமார் 12 கிலோ. ஒரு ஆள் ஒரு கையால் தள்ளுவார். 15 சதவீத ஏற்றத்தில் 800-இல் 15 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 120 கிலோ சரிவுக்கே போகிறது. உருளும் தடையையும் சேர்த்தால் சுமார் 130 கிலோ. சமதளத்தைவிடப் பதினோரு மடங்கு. போடியில் ஓட்டிப் பார்த்து நான் ஏமாந்தது இந்தப் பதினோரு மடங்கில்தான். சமதளத்தில் எந்தக் கியர் போட்டாலும் ஓடும்.

அந்த 130 கிலோ பலம் 18 அங்குல டயரின் அச்சில் சுமார் 290 நியூட்டன் மீட்டர் முறுக்காக வரும். கியர் அதை மோட்டாருக்குக் குறைத்துக் கொடுக்கிறது. கியரில் பத்து சதவீதம் உராய்வில் போகிறது என்று வைத்துக்கொண்டால் மோட்டார் தர வேண்டியது: 12.44 கியரில் 26 நியூட்டன் மீட்டர், 8:1-இல் 40, 6:1-இல் 54. 12.44 கியரை வைத்துக்கொண்டு 22 அங்குல டயர் மட்டும் போட்டால் 32. 8:1-உம் 22 அங்குலமும் சேர்ந்தால் 49.

முறுக்கு கூட வேண்டுமென்றால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்க வேண்டும். 26-லிருந்து 40 என்பது ஒன்றரை மடங்கு. கரண்ட்டும் ஒன்றரை மடங்கு ஏறினால் காயில் சூடு ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்கு. சூடு கரண்ட்டின் வர்க்கத்தோடு ஏறும். அந்த ஆர்மேச்சர் எரிந்ததன் முழுக் கதையும் இந்த ஒரு வரிதான்.

இன்னொரு இடத்திலும் பையன்கள் தடுமாறுகிறார்கள். டாங் டெஸ்டரை பேட்டரி கேபிளில் மாட்டி, "80 ஆம்பியர்தாண்ணே இருக்கு, மோட்டார் ஏன் கொதிக்குது" என்பார்கள். பேட்டரி கரண்ட் வேறு, மோட்டார் கரண்ட் வேறு. கன்ட்ரோலர் மெதுவான வேகத்தில் வோல்ட்டைக் குறைத்துக் கரண்ட்டைக் கூட்டிக் கொடுக்கும். பேட்டரி பக்கம் 80 இருக்கும்போது மோட்டார் பக்கம் 250 கூட ஓடலாம். பேட்டரி கரண்ட் வேகத்தையும் இழுவையையும் சேர்த்துக் காட்டும். மோட்டார் கரண்ட் இழுவையை மட்டும் காட்டும். கியரைப் பற்றிய முடிவுக்கு மோட்டார் கேபிளில்தான் மாட்ட வேண்டும்.

சக்தியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதே வண்டி அதே ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. போக மோட்டார் சுமார் 3.9 கிலோவாட் தர வேண்டும், 15 கி.மீ.க்கு 5.9. மோட்டார் 3 கிலோவாட் என்றால் 10 கி.மீ.யிலேயே அளவுக்கு மேல் வேலை செய்கிறது. எந்தக் கியரும் இதைச் சரி செய்யாது. கியர் சக்தியை உண்டாக்குவதில்லை.

9. எதை மாற்றுவது

ஏற்றம் 5 சதவீதத்துக்குள், பாதை நீளம், வேகம் மட்டும் குறை என்றால் 10:1 பக்கம் ஒரு கியர் செட் கிடைத்தால் போடலாம். தேனி, சின்னமனூர் பக்கத்துச் சமதள வளாகங்களுக்கு அது சரி. மலையில் 8:1, 6:1 இரண்டையும் நான் இப்போது போடுவதில்லை. கேட்பவரிடம் மேலே சொன்ன கணக்கைச் சாக்பீஸால் தரையில் எழுதிக் காட்டுவேன். பாதிப் பேர் அங்கேயே மனம் மாறுவார்கள்.

மலையில் வேகமும் வேண்டும் இழுவையும் வேண்டும் என்றால் கியரை அப்படியே விட்டு மோட்டார் பக்கம் வாருங்கள். 36 வோல்ட் வண்டியை 48 ஆக்கினால் மோட்டார் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதே கரண்ட்டுக்கு அதே இழுவை இருக்கும். ஆனால் கன்ட்ரோலர், சார்ஜர், சொலினாய்டு (மெயின் கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) காயில் மூன்றும் மாற வேண்டும். மோட்டார் அந்த வோல்ட்டைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

கடைகளில் ஸ்பீடு மோட்டார், டார்க் (முறுக்கு) மோட்டார் என்று இரண்டு சொல்வார்கள். ஸ்பீடு மோட்டாரில் காயிலின் கம்பிச் சுற்று குறைவு, வேகம் கூடும், ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்கு குறையும். டார்க் மோட்டாரில் இது தலைகீழ். ஸ்பீடு மோட்டாரோடு 8:1 கியரையும் சேர்த்துப் போடுவது ஒரே மடியில் இரண்டு முறை கை விடுவது.

செபெக்ஸில் ஃபீல்டு கரண்ட்டைக் குறைத்து வேகம் கூட்ட கன்ட்ரோலரில் வழி உண்டு. அது சமதள வேகத்துக்கு மட்டும். ஏற்றத்தில் ஃபீல்டு முழுதாக வேண்டும்.

என் முதல் தேர்வு ஏ.சி. மோட்டார், 12-க்கு மேல் ரேஷியோ, 18 அங்குல டயர். விலை அதிகம்தான். ஆனால் கார்பன் மாற்றும் வேலை இல்லை, இறக்கத்தில் பிடிமானம் இருக்கிறது.

கன்ட்ரோலரையும் பெரிதாக்கினால் கேபிளையும் பெரிதாக்குங்கள். 35 சதுர மி.மீ. செம்புக்குக் கீழே நான் போடுவதில்லை. லித்தியத்துக்கு மாறினால் அதன் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) எத்தனை ஆம்பியரில் கட் ஆகும் என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பாதி ஏற்றத்தில் வண்டி செத்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

10. டிஃபரன்ஷியலைத் திறந்தால்

மோட்டாரைத் தாங்கிப் பிடித்துக் கழற்றுங்கள். எடையெல்லாம் ஸ்ப்ளைனில் (ஷாஃப்ட் முனையில் உள்ள பல்வரிசையில்) தொங்க விட்டால் பல் நசுங்கும். ஸ்ப்ளைன் ஓரத்தில் சிவப்புப் பொடி இருந்தால் கிரீஸ் இல்லாமல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். புதுக் கியர் போட்டும் கிளம்பும்போது டக்கென்று அடிக்கும் சத்தம் இதனால் வரும்.

ஆயிலை வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மின்னும் தூள் கொஞ்சம் இருந்தால் சகஜம், சில்லு இருந்தால் பேரிங்கையும் சேர்த்துப் பாருங்கள். கூட்டைப் பிரிக்கும்போது ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) எந்தப் பக்கம் எத்தனை இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பல்லையும் சின்னப் பல்லையும் எண்ணி எழுதி வையுங்கள். இரண்டு ஜோடியின் விகிதங்களைப் பெருக்கினால் ரேஷியோ. ஐந்தாம் படியில் எண்ணியதோடு ஒத்துப் போக வேண்டும்.

கியரை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழைய பல்லோடு புதுப் பல்லைச் சேர்த்தால் ஊளையிடும். ஆயில் எந்த ரகம், எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். மேனுவலில் சொன்னதை மட்டும் ஊற்றி, லெவல் பிளக் வரை நிரப்புங்கள்.

11. ஓட்டிப் பார்க்கும் முறை

முதலில் சமதளத்தில், காலியாக. சத்தம், லீக் பார்க்க மட்டும். அதற்கு மேல் சமதளம் எதையும் சொல்லாது.

அப்புறம் இரண்டாம் படியில் அளந்த அதே ஏற்றத்துக்குப் போங்கள். முழுச் சுமையோடு, பாதி ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்புங்கள். மோட்டார் கேபிளில் கரண்ட், பேட்டரியில் வோல்ட், மேலே போனதும் மோட்டார் உடம்பின் சூடு, மூன்றையும் எழுதுங்கள். ஐந்து முறை தொடர்ந்து ஏறி இறங்கிய பிறகு எடுத்த சூடுதான் கணக்கு. மோட்டார் வெளி உடம்பு 90 டிகிரியைத் தொட்டால் நான் அந்தக் கியரை ஏற்றுக்கொள்வதில்லை. உள்ளே காயில் அதைவிட வெகு சூடாக இருக்கும்.

செபெக்ஸ், ஏ.சி. வண்டியில் கியரோ டயரோ மாற்றினால் கன்ட்ரோலரில் அந்த எண்ணையும் மாற்றுங்கள். சென்சார் மோட்டார் சுற்றைத்தான் பார்க்கிறது. மாற்றாவிட்டால் மீட்டர் 19 காட்டும்போது வண்டி 30-இல் போகும்.

பிரேக்கை இந்தக் கட்டத்தில்தான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் பின் சக்கர டிரம் மட்டும்தான். 19-லிருந்து 30-க்குப் போனால் நிற்கும் தூரம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அமெரிக்கத் தரவிதியில் கோல்ஃப் வண்டிக்கு மணிக்கு 15 மைல், அதாவது 24 கி.மீ.தான் உச்சம். அந்த உடம்பும் ஸ்டியரிங்கும் அதற்குத்தான் செய்தது. வளாகத்துக்கு வெளியே ரோட்டில் பதிவில்லாமல் ஓட்டுவது தனிக் கதை, அதைச் செய்யவே வேண்டாம்.

12. இறக்கம்

இழுவைக்காகக் கியரைக் கீழே வைத்தோம். இறக்கத்தில் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. 12.44 கியரில் வண்டி மணிக்கு 35 கி.மீ.யில் உருண்டு இறங்கினால் மோட்டார் 5100 ஆர்.பி.எம்.முக்கு மேல் சுற்றும். 2800-க்குச் செய்த சீரிஸ் மோட்டாருக்கு அது எமன். பெரும்பாலான சீரிஸ் வண்டியில் மோட்டார் பிரேக்கும் கிடையாது. டிரைவரிடம் சொல்லி வையுங்கள்: ஏறிய வேகத்தில்தான் இறங்க வேண்டும், கால் பிரேக்கில் இருக்க வேண்டும்.

மோட்டாரே பிரேக் பிடிக்கும் வண்டிக்கு வேறொரு சிக்கல். சார்ஜிங் ஷெட்டை மேட்டு மேல் கட்டியிருப்பார்கள். ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறி நிறைந்த பேட்டரியோடு காலையில் முதல் வேலையே இறக்கம். திரும்பி வரும் கரண்ட்டுக்குப் போக இடம் இல்லை. வோல்ட் எகிறி கன்ட்ரோலர் பிழை காட்டும். லித்தியம் என்றால் பி.எம்.எஸ். சார்ஜை வெட்டிவிடும். வெட்டிய நொடியில் மோட்டார் பிரேக் போய்விடும், டிரைவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

சூரியநெல்லிப் பக்கம் ஒரு வளாகத்தில் சரியாக இதுதான் நடந்தது. மேனேஜர் சேட்டன் கன்ட்ரோலர் போய்விட்டது என்று புதிதுக்கு ஆர்டர் போடவே தயாராகிவிட்டார். லித்தியம் வண்டி. சார்ஜரை 90 சதவீதத்தில் நிற்கும்படி செட் செய்தோம், அவ்வளவுதான். லெட் ஆசிட் வண்டியில் இப்படிச் செய்ய முடியாது, அதற்கு முழுச் சார்ஜ் தேவை. அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது, ஷெட்டைக் கீழே வாசல் பக்கம் மாற்றுங்கள், முதல் ஓட்டம் ஏற்றமாக இருக்கட்டும்.